அறிமுக உரை

வேண்டாம் தம்பி, மேல வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கண்ணாடி போட்டது. மேல வச்சா பாளையங்கோட்டை போய்ச் சேர்றதுக்குள்ள சில்லு சில்லாப் போயிடும். உங்களுக்கு இடிக்குதா? இருங்க, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சுக்கிறேன். இப்போ சரியா? நல்லது.

காலையில தூத்துக்குடிக்கு வரும்போது பஸ் காலி. பக்கத்து சீட்டுல இதை உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தேன். திரும்பும்போது வெறுங்கையோட போவோம்னு நினைச்சேன். இப்போ பாருங்க, கூட்டத்துல இடிபட்டுக்கிட்டு நானும் இதுவுமாத் திரும்பிப் போறோம்.

என்னன்னா கேக்குறீங்க? போட்டோ. பிரேம் போட்ட போட்டோ. ஒரு பொண்ணுக்குக் கொடுக்க வந்தேன். வேண்டாம்னு சொல்லிட்டா. அவ்வளவுதான். அவ்வளவுதான்னு சொல்றேன், ஆனா மனசு ஆறலை தம்பி. ஆயிரம் பேர் முன்னாடி மேடையில நின்னு பேசினவன் நான். இன்னிக்கு முத்தையாபுரத்துல ஒரு வீட்டு வாசல்ல என்ன பேசுறதுன்னு தெரியாம நின்னேன்.

உங்களுக்குத் தூக்கம் வருதா? இல்லையே? அப்போ சொல்றேன். யார்கிட்டயாவது சொன்னாத்தான் ஆறும். வீட்டுல சொல்ல ஆள் கிடையாது. எங்க வீட்டம்மா போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. பிள்ளைங்க இல்லை.

எம் பேரு ஞானதிரவியம். இஞ்சினியரிங் காலேஜ்ல இங்கிலீஷ் வாத்தியார். சிரிக்கிறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க, இஞ்சினியரிங் காலேஜ்ல இங்கிலீஷ் வாத்தியாருக்கு என்ன வேலைன்னு. முதல் வருஷத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான் கிளாஸ். மிச்ச நேரம் பூரா விழாதான். ஆண்டு விழாவா, ஞானதிரவியத்தைக் கூப்பிடு. ஆயுத பூஜையா, கூப்பிடு. யாராவது செத்துப் போயிட்டாங்களா, இரங்கல் கூட்டத்துக்கும் நான்தான். மைக்கை என் கையில கொடுத்துட்டாப் போதும், அழ வைக்கணும்னா அழ வைப்பேன், சிரிக்க வைக்கணும்னா சிரிக்க வைப்பேன். பெருமைக்குச் சொல்லலை. ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

எங்க காலேஜ்ல பயோ இஞ்சினியரிங்னு ஒரு டிபார்ட்மெண்ட் இருக்கு. உடம்புக்கு வேணுங்கிற சாமான் எல்லாம் செய்யிற படிப்பு. செயற்கைக் கால், இதயத்துக்கு வால்வு, செத்துப் போன தோலை வளர்க்கிறது, இந்த மாதிரி. வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய மாநாடு நடத்துவாங்க. டெல்லி, பெங்களூர், வெளிநாடுன்னு விஞ்ஞானிங்க வருவாங்க. அதுல நம்ம பிள்ளைங்களுக்கு என்ன வேலை தெரியுமா? பொண்ணுங்க பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கணும். பசங்க கார் நிறுத்துற இடத்துல விசில் ஊதணும். உள்ள போய் உக்காரணும்னா கழுத்துல பேட்ஜ் வேணும். பேட்ஜ் வேணும்னா காசு கட்டணும். எங்க பிள்ளைங்க எங்க கட்டும்?

அந்தப் பொண்ணை நான் முதல்ல பார்த்தது அப்படித்தான். சந்தனமாரி. ரெண்டாம் வருஷம் படிச்சுக்கிட்டு இருந்தா. மாநாடு முடிஞ்சு எல்லாரும் கார் ஏறிப் போயாச்சு. நான் மேடையில என் சால்வையை மறந்து வச்சுட்டு வந்தேன், எடுக்கப் போனேன். போற வழியில, பின்பக்கம் குப்பைத் தொட்டிகிட்ட, இந்தப் பொண்ணு பட்டுச்சேலையோட குத்த வச்சு உக்காந்திருக்கா. கையில பன்னீர்ச் செம்பு. சுவர்ல ஒட்டியிருந்த ஆராய்ச்சிப் போஸ்டரை எல்லாம் கிழிச்சுக் கொண்டாந்து போட்டிருந்தாங்க. அதை ஒவ்வொண்ணா விரிச்சு, துடைச்சு, படிச்சுக்கிட்டு இருக்கா. என்னைப் பார்த்ததும் பதறி எந்திரிச்சு, ‘சார், இதெல்லாம் வேண்டாம்னுதானே போட்டிருக்காங்க, நான் எடுத்துக்கட்டுமா?’ன்னு கேட்டா.

தம்பி, எனக்கு அங்கேயே கண்ணு கலங்கிடுச்சு. மூணு நாள் வாசல்ல நின்னு வந்தவன் போனவனுக்கெல்லாம் பன்னீர் தெளிச்சுட்டு, குப்பையில உக்காந்து மாநாடு பார்க்குது பிள்ளை.

மறுநாளே பிரின்ஸிபால் ரூமுக்குப் போனேன். சண்டை போட்டேன். ‘பன்னீர் தெளிக்கிற கைக்கு ஒரு பேட்ஜ் கொடுக்க மாட்டீங்களா’ன்னு கேட்டேன். அந்த வரி எனக்கே பிடிச்சுப் போச்சு, அப்புறம் நாலஞ்சு மேடையில அதைச் சொல்லியிருக்கேன். விடலை நான். மாணவர் பங்கேற்புக் குழுன்னு ஒண்ணு போட வச்சேன். அதுக்கு நான்தான் தலைவர். வீட்டுல முதல் ஆளாப் படிக்க வந்த பிள்ளைங்க, சின்ன ஊர் காலேஜ் பிள்ளைங்க, உடம்பு முடியாத பிள்ளைங்க, இவங்க எல்லாம் காசு கட்டாம உள்ள வரலாம். வர்ற செலவு, தங்குற இடம், சாப்பாடு எல்லாம் நம்ம பொறுப்பு. காது கேக்காத பையன் ஒருத்தன் சங்கரன்கோவில்ல இருந்து வந்தான், அவனுக்குக் கையால பேசிக் காட்ட ஆள் வச்சேன். பொண்ணுங்களை அனுப்ப மாட்டேன்னு சொன்ன வீட்டுக்கெல்லாம் நானே போய்ப் பேசினேன். யாரு செய்வா தம்பி? எனக்கு இதுல ஒரு பைசா லாபம் உண்டா? பிள்ளைங்க உள்ள வந்து உக்காந்துச்சுங்களே, அந்த ஒரு சந்தோஷம்தான்.

இருங்க, கண்டக்டர் வர்றார். பாளையங்கோட்டை ஒண்ணு.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், சந்தனமாரி. நாலாம் வருஷம் அவ ஆராய்ச்சியை மாநாட்டுக்கு எழுதி அனுப்பினா. போஸ்டர் இல்லை தம்பி, மேடையில பேசுற வாய்ப்பே கிடைச்சுடுச்சு. பெரிய பெரிய ஆளுங்க பேசுற வரிசையில எங்க காலேஜ்ல இருந்து ஒரே ஒரு பிள்ளை. பத்து நிமிஷம். அந்த வருஷம் பெங்களூர்ல இருந்து ஒரு விஞ்ஞானி மேடம் வர்றதா இருந்துச்சு. ரொம்பப் பெரிய ஆள். அவங்க ஒரு மாணவரைத் தன்னோட ஆய்வகத்துல சேர்த்துக்கப் போறாங்க, பேசுறதைக் கேட்டுட்டு அங்கேயே முடிவு பண்ணுவாங்கன்னு பேச்சு. சந்தனமாரிக்கு அதுதான் மூச்சு. ‘சார், அந்த மேடம் எழுதினதைப் படிச்சுத்தான் சார் நான் இதையே ஆரம்பிச்சேன். அவங்க ஒரு தடவை கேட்டாப் போதும் சார். பத்து நிமிஷம் போதும் சார்’ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா.

தினமும் சாயங்காலம் என் ரூமுக்கு வந்துடுவா. பேசிப் பழக. நான் உக்காந்து கேப்பேன். எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவ பேச்சு முழுக்க எனக்கு மனப்பாடம். பெர்ஃப்யூஷன்னு ஒரு வார்த்தை வரும். அதை அவ வாயில ஒழுங்கா வர வைக்க நான் பட்ட பாடு இருக்கே. உதட்டைக் கடிச்சுச் சொல்லும்மா, காத்து வெளிய வரணும்மான்னு. கடைசியில லண்டன்காரன் தோத்தான் போங்க. அர்த்தமா? அது அவங்க டிபார்ட்மெண்ட் வார்த்தை தம்பி. நமக்கு எதுக்கு அது?

பேசி முடிச்சதும் அவ கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ‘கேள்வி கேப்பாங்களா சார்?’ பயந்துபோய்க் கேக்குறான்னு முதல்ல நினைச்சேன். ‘கேட்டா என்ன, சமாளிச்சுக்கலாம்’னு தைரியம் சொன்னேன். ‘இல்ல சார், கேக்கணும் சார். கேட்டாத்தான் சார் அவங்க கவனிச்சாங்கன்னு அர்த்தம்’னு சொன்னா. என்னென்ன கேப்பாங்கன்னு அவளே யோசிச்சு ஒவ்வொண்ணுக்கும் பதில் வச்சிருந்தா. மெஸ்ஸுல சாப்பிடும்போதும் வாய் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும்னு கூட இருக்கிற பிள்ளைங்க கேலி பண்ணும்.

எனக்கு ஒரு பழக்கம். மேடை ஏறுற பிள்ளையைப் பத்தி எனக்கு முழுசாத் தெரியணும். ‘அப்பா இல்லைன்னு சொன்னே, அம்மா என்ன பண்றாங்க?’ன்னு கேட்டேன். ‘வேலைக்குப் போறாங்க சார்’னு சொன்னா. என்ன வேலைன்னு கேட்டேன். பேச்சை மாத்தினா. நான் விடுவேனா? கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். உப்பளத்துல வேலை. இவளைக் கைக்குழந்தையா மரத்து நிழல்ல போட்டுட்டு உப்பு வாரின பொம்பளை. காலெல்லாம் வெடிச்சுப் பாளம் பாளமா இருக்குமாம். சொல்லிட்டு, ‘சார், இது உங்களோட இருக்கட்டும் சார்’னு சொன்னா.

‘இதுல என்னம்மா வெக்கம், எவ்வளவு பெருமை’ன்னு கேட்டேன். ‘வெக்கம் இல்ல சார். தெரிஞ்சா எல்லாரும் அதையேதான் சார் கேப்பாங்க. நான் பேசுறதைக் கேக்க மாட்டாங்க. அம்மாவைப் பத்தி எப்போ சொல்லணுமோ அப்போ நானே சொல்லிக்குவேன் சார்’னு சொன்னா.

சின்னப் பிள்ளை. உலகம் தெரியாம பேசுது. இந்த மாதிரி ஒரு பொக்கிஷத்தைப் பொத்தி வைக்கலாமா தம்பி? நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. அந்த உப்பு, அந்தக் கால், அந்த மேடை. எல்லாம் அப்படியே கண்ணு முன்னாடி வந்து நிக்குது. சபையே எந்திரிச்சு நிக்கப் போகுது, அந்த மேடம் ஓடி வந்து கட்டிப் பிடிக்கப் போறாங்கன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

வாகைக்குளம் வந்துடுச்சா? அந்தா, ஏர்போர்ட் போற ரோடு. இங்க இருந்துதான் அந்த மேடம் மாநாடு அன்னிக்குச் சாயங்காலமே ஏறிப் போனாங்க. அதைச் சொல்றேன், இருங்க.

அன்னிக்குக் காலையில காலேஜ் காரை எடுத்துக்கிட்டு நானே கிளம்பினேன். பொண்ணுகிட்டச் சொல்லலை. சொன்னா என்ன சந்தோஷம் இருக்கு? திடுக்குனு அம்மாவைப் பார்க்கணும், அப்போத்தானே அந்த உணர்ச்சி முகத்துல தெரியும். நேரா உப்பளத்துக்கே போயிட்டேன். பொண்ணோட அம்மா, மாடத்தியம்மா, வேலையில நின்னாங்க. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, தலையில துண்டு, முழங்கால் வரைக்கும் உப்புப் பூத்துப் போய். விஷயத்தைச் சொன்னேன். ‘சார், ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வாரேன் சார். பிள்ளை படிச்சு மேடையேறும்போது கட்டணும்னு ஒரு பட்டுச்சீலை எடுத்துப் பெட்டியில வச்சிருக்கேன் சார். குளிச்சிட்டுக் கட்டிட்டு வந்திருதேன்’னு சொன்னாங்க.

வேண்டவே வேண்டாம்னுட்டேன். ‘இப்படியே வாங்கம்மா. இந்தக் கோலத்துல வந்தாத்தான் உங்க அருமை அவங்களுக்குப் புரியும். உங்களைப் பட்டுச்சேலையில பார்த்தா எல்லா அம்மா மாதிரியும்தானே இருப்பீங்க’ன்னு சொன்னேன். அந்தம்மாவுக்குப் புரியலை. திரும்பத் திரும்பக் கேட்டாங்க. காருக்குள்ள ஏறிக் காலை எங்க வைக்கிறதுன்னு தெரியாம தூக்கியே வச்சுக்கிட்டு வந்தாங்க. ‘சீட்டு அழுக்காயிரும் சார்’னு வழி பூரா. நல்ல மனுஷி தம்பி.

அரங்கத்துக்குப் பின்னால அவங்களை நிறுத்தி வச்சுட்டு, தலைமை தாங்குறவர்கிட்ட நானே இந்தப் பிள்ளையை அறிமுகம் பண்றேன்னு கேட்டு வாங்கினேன். சாதாரணமா அங்க ஒரே வரிதான் சொல்வாங்க. பேரு, ஊரு, தலைப்பு, முடிஞ்சுது. சப்புனு இருக்கும். சந்தனமாரி தன்னோட முதல் ஸ்லைடைத் திரையில போட்டுட்டு, கையில ஸ்லைடு மாத்துற கருவியை வச்சுக்கிட்டு ரெடியா நின்னா. முதல் வரிசையில பெங்களூர் மேடம். பேனாவைத் திறந்து வச்சிருந்தாங்க.

நான் மைக்கைப் பிடிச்சேன். தம்பி, என் வாழ்க்கையில அப்படி நான் பேசினதில்லை. இனிமேலும் பேச மாட்டேன். குப்பைத் தொட்டிகிட்டப் போஸ்டர் பொறுக்கினதுல ஆரம்பிச்சேன். பன்னீர்ச் செம்பைச் சொன்னேன். அப்பா இல்லாத வீட்டைச் சொன்னேன். உப்பளத்துக்குப் போனேன். அந்த வெடிச்ச பாதத்தைச் சொல்லி, ‘அந்தத் தாயின் பாதப் புண்ணை ஆற்றுவதற்காகவே இந்தப் பெண் இன்று ஒரு மருந்துத் துணியைக் கண்டுபிடித்திருக்கிறாள்’னு சொன்னேன். சபையில ஒரு ஊசி விழுந்தாக் கேக்கும்.

இல்லைதான். அவ ஆராய்ச்சி பாதத்தைப் பத்தி இல்லைதான். எனக்குத் தெரியாதா? ஆனா மேடைக்குன்னு ஒரு கோர்வை வேணும் தம்பி. அம்மா கால் இங்க, ஆராய்ச்சி எங்கேயோன்னு கிடந்தா கேக்குறவனுக்கு என்ன வரும்?

‘அந்தத் தாய் இதோ வருகிறார்’னு சொல்லிக் கையை நீட்டினேன். மாடத்தியம்மா உள்ள நுழைஞ்சாங்க. சட்டையும் துண்டுமா, உப்புக் காலோட. மொத்தச் சபையும் எந்திரிச்சு நின்னுடுச்சு. கைத்தட்டு நிக்கவே இல்லை. பாதிப் பேர் கண்ணைத் துடைக்கிறாங்க. நான் சொன்னபடியே மேடம் ஓடி வந்து அந்தம்மாவைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. பொன்னாடை போர்த்தினோம். எல்லாரும் நின்னு போட்டோ எடுத்தோம். இந்தப் போட்டோ அதுதான்.

சந்தனமாரியா? நின்னா. அம்மாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நினைச்சேன்.

எல்லாரும் இறங்கினப்புறம் அவ மைக்குகிட்ட வந்தா. அப்பவே, அவளோட பத்து நிமிஷம் முடியப் போகுதுன்னு முதல் மணி அடிச்சுட்டாங்க. ‘மன்னிக்கணும், என் வேலை பாதத்தைப் பத்தினது இல்ல’ன்னு ஆரம்பிச்சா. சபையில சின்னதா ஒரு சிரிப்பு. பிரியமான சிரிப்புதான். ‘இது...’ன்னு சொல்லி அடுத்த ஸ்லைடை அழுத்தினா. ரெண்டாவது மணி அடிச்சுடுச்சு. தலைமை தாங்கினவர் எந்திரிச்சு, ‘இதுக்கு மேல என்ன பேச்சு வேணும், நேரமில்லை, மன்னிச்சுக்கம்மா’ன்னுட்டார். அவ அங்கேயே நின்னா. அப்புறம் கேட்டா, மைக்கிலேயே கேட்டா: ‘யாருக்காவது கேள்வி இருக்கா?’

பாவம், நேரம் முடிஞ்சது கூடத் தெரியாம கேக்குறா. ஒரு பத்திரிகைக்காரர் மட்டும் கை தூக்கினார். ‘அம்மாவை இங்க பார்த்ததும் என்ன தோணுச்சு?’ன்னு கேட்டார். அவ கருவியை மேசை மேல வச்சுட்டு இறங்கிப் போயிட்டா.

மேடம் போகும்போது அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘உன் அம்மாவை நான் மறக்கவே மாட்டேன்’னு சொன்னாங்க. பிளைட்டுக்கு நேரமாச்சுன்னு கார் ஏறிட்டாங்க. ஆய்வகத்துக்கு அடுத்துப் பேசின ஒரு கோயம்புத்தூர்ப் பையனை எடுத்துக்கிட்டாங்கன்னு பிறகு கேள்விப்பட்டேன். நல்லாப் பேசினானாம். கேள்வி எல்லாம் கேட்டாங்களாம். எனக்கு அந்த மேடம் மேல ரொம்ப வருத்தம் தம்பி. அவ்வளவு அழுதாங்களே, அழுத கண்ணுக்கு ஒரு நன்றி வேண்டாமா?

அதுக்கப்புறம் அவ என் ரூமுக்கு வரலை. காரிடார்ல பார்த்தா ‘வணக்கம் சார்’, அவ்வளவுதான். பரீட்சை எழுதினா, நல்ல மார்க்கோட பாஸானா, மேல படிக்கலை. அவங்க டிபார்ட்மெண்ட்காரங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்தாங்க. ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில செல்போன் ஒட்டுற வேலைக்குப் போயிட்டா. நான் அனுப்புற மெசேஜுக்கு ஒத்தை டிக் விழுறதோட சரி. பொங்கலுக்கு, புது வருஷத்துக்கு, அவ பிறந்தநாளுக்கு, ஒத்தை டிக். நான் என்ன தப்பு பண்ணினேன்? என் கல்யாணத்துக்குக் கூட நான் அவ்வளவு அலைஞ்சதில்லை. என் சொந்தப் பொண்ணா இருந்தா அதுக்கு மேல செஞ்சிருப்பேனா? சொல்லுங்க தம்பி. செஞ்சிருப்பேனா?

ஒண்ணுமில்லை. தூசி. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருக்கான்னு கேள்விப்பட்டேன். இந்த வருஷத்தோட எனக்கும் ரிட்டயர்மெண்ட். அதுக்குள்ள அவளைத் திரும்ப அந்த மேடையில பார்த்துடணும்னு இருந்துச்சு. பிரின்ஸிபால்கிட்டப் பேசி எல்லாம் முடிச்சுட்டேன். போட்டோவுக்கு பிரேம் போட்டேன், கலர்த்தாள் சுத்தினேன், கிளம்பி வந்தேன்.

அவதான் கதவைத் திறந்தா. இளைச்சுப் போயிருக்கா. ‘வாங்க சார்’னு நாற்காலி போட்டா, தண்ணி கொடுத்தா. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நான் சொன்னேன், ‘சந்தனமாரி, இந்த வருஷம் மாநாட்டுல உனக்குப் பத்து நிமிஷம் இல்லை, அரை மணி நேரம்! முதல் நாள், முதல் பேச்சு நீதான்!’

தம்பி, அந்த முகத்தை நீங்க பார்த்திருக்கணும். ஒரு நொடி. விளக்குப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. கை ரெண்டும் தன்னால சேலையைச் சரி பண்ணுது. ‘நெஜமாவா சார்? இப்பவும் அதைப் பேசலாமா சார்? நடுவுல ஒரு வருஷம் போயிடுச்சு, ஆனா நான் படிச்சுக்கிட்டுத்தான் சார் இருக்கேன், ஷிப்ட் முடிஞ்சு வந்து...’

‘அட, அதெல்லாம் எதுக்கும்மா, உன் வாழ்க்கையைப் பத்திப் பேசும்மா. பிள்ளைங்களுக்கு ஒரு ஊக்கமா இருக்கும். அம்மாவையும் கூட்டிட்டு வா’ன்னு சொன்னேன்.

விளக்கு அணைஞ்சு போச்சு. அவ்வளவுதான். எதுக்குன்னு எனக்கு இன்னும் விளங்கலை. போட்டோவைக் கொடுத்தேன். தாளை ஒரு ஓரமாப் பிரிச்சுப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. திரும்ப ஒட்டி என் கையிலேயே கொடுத்துட்டா. ‘நீங்களே வச்சுக்கங்க சார். இதுல நீங்கதான் சார் நல்லாத் தெரியிறீங்க’ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. என்னைப் பாராட்டினாளா, குத்திக் காட்டினாளா? நீங்கதான் சொல்லணும்.

மாடத்தியம்மாதான் தெரு முனை வரைக்கும் கூட வந்தாங்க. பஸ் வந்ததும் சொன்னாங்க, ‘அவ பேசுறது எனக்கு வெளங்காதுன்னு தெரியும் சார். ஆனா அவ பேசுறதைப் பாக்கணும்னுதான் சார் அன்னிக்கு அப்படியே காருல ஏறினேன்.’ அந்தப் பட்டுச்சேலை இன்னும் பெட்டியிலதான் இருக்குன்னு சொன்னாங்க. ஏறி உக்காந்துட்டேன்.

வல்லநாடு தாண்டிட்டோமா? இன்னும் கொஞ்ச தூரம்தான். உங்களைப் பேச விடாம நானே பேசிட்டு வர்றேன். மன்னிச்சுக்கங்க. மைக் பிடிச்ச வாய்.

என்ன கேட்டீங்க? அந்தப் பொண்ணு என்ன கண்டுபிடிச்சா?

அது... அது ஒரு மாதிரி... ரத்தம் சம்பந்தமா இருக்கும்னு நினைக்கிறேன். இல்லை, எலும்பா? பெர்ஃப்யூஷன்னு நிறைய இடத்துல வரும். எலி ஒண்ணும் வரும். அவ்வளவு தடவை கேட்டிருக்கேன், இப்போ பாருங்க, நாக்கு நுனியில நிக்குது. இருங்க, இந்தப் போட்டோவுலயே இருக்கும். அவ போட்ட முதல் ஸ்லைடு பின்னால திரையில அப்படியே இருக்கு. தலைப்பு பெரிய எழுத்துல போட்டிருந்தா. இந்த முனையைப் பிடிங்க, பிரிச்சுடலாம். தாள் கிழிஞ்சாப் பரவாயில்லை, இனிமே யாருக்குக் கொடுக்கப் போறேன்.

இதோ. இவங்கதான் மாடத்தியம்மா. பொன்னாடை எப்படி இருக்கு பாருங்க. இது மேடம், கண்ணு சிவந்திருக்கு தெரியுதா? இது நான். ஓரத்துல நிக்குறா பாருங்க, இதான் சந்தனமாரி. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம், இவ மட்டும் மணி வச்சிருந்த மேசையைப் பார்க்கிறா.

மூக்குக் கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன், எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்க படிங்க. கீழ அவ பேர் இருக்கா? இருக்கும். அதுக்கு மேல என்ன போட்டிருக்கு? வெளிச்சத்துல காட்டட்டுமா? படிக்க முடியலையா? ஏன், மங்கலா இருக்கா?

ஓ. என் தலை மறைக்குதா.

அந்தப் போட்டோ எடுத்த பையன், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தம்பி.